போட்ட ரோடு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்தன: குண்டும் குழியுமான தெரு, மனு கொடுத்து அலுத்துப்போன மனிதர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேட்டும் கிடைத்த ஒற்றை வரிப் பதில்கள். அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் நகராட்சித் தெருவில் போன வருஷம் போட்ட தார் ரோடு ஒரே மழையில் பெயர்ந்து, இப்போது ஜல்லிதான் மிச்சம். "ஏன் இப்படி ஆனது, யார் பொறுப்பு, எப்போது சரிசெய்வீர்கள்?" என்று ஆர்.டி.ஐ.யில் கேட்டேன். "மனுதாரர் விளக்கம் கோரியுள்ளார், இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று பதில் வந்திருக்கிறது. இப்படி எழுத அவர்களுக்கு உரிமை உண்டா? – ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: படித்ததும் எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த அலுவலர் பிடித்துக்கொள்ள ஒரு பிடி உங்கள் மனுவிலேயே இருந்துவிட்டது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 உங்களுக்குத் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற பதிவுகளை. விளக்கம் கேட்டால், கருத்துக் கேட்டால், தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011ல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து "ஏன்" என்று தொடங்குகிற மனுவைத் திருப்பி அனுப்புவது அலுவலகங்களுக்கு மிகச் சுலபம்.

சரி, அப்படியானால் உங்கள் கேள்விகளைக் காகிதமாக மாற்றுங்கள். அதே விஷயம்தான், கேட்கும் விதம் மட்டும் வேறு. "ஏன் பெயர்ந்தது" என்று கேட்காமல், அந்த வேலைக்கான தரக்கட்டுப்பாட்டுச் சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். "யார் பொறுப்பு" என்பதற்குப் பதிலாக ஒப்பந்ததாரரின் பெயர், வேலையை மேற்பார்வையிட்ட பொறியாளரின் பெயர், பதவி, அளந்து சான்றளித்தவரின் பெயர், பதவி. "எப்போது சரிசெய்வீர்கள்" என்கிற இடத்தில்தான் முக்கியமான கேள்வி வருகிறது: இந்தப் பணிக்கு ஒப்பந்தப்படி பழுதுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது?

டெண்டர் தாள்களில் இதை டிஃபெக்ட் லயபிலிட்டி பீரியட் என்று எழுதியிருப்பார்கள். வேலை முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம் வரை சாலை கெட்டுப்போனால் ஒப்பந்ததாரர் தன் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அவருக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை அதற்காகவே பிடித்தும் வைத்திருப்பார்கள். எத்தனை வருஷம் என்பது வேலைக்கு வேலை மாறும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலை என்றால் ஐந்து வருஷம் பராமரிப்பதும் அதே ஒப்பந்ததாரர் பொறுப்பு. உங்கள் தெருவுக்குப் போன வருஷம்தான் ரோடு போட்டிருக்கிறார்கள், அநேகமாக அந்தக் காலம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படி இருந்தால் "நிதி இல்லை, அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்" என்ற பதிலே செல்லாது, ஏனென்றால் நகராட்சி ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை, ஒப்பந்ததாரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும். அதனால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்: பணி முடிந்த நாளிலிருந்து இன்றுவரை பழுதைச் சரிசெய்யச் சொல்லி ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய அறிவிப்புகளின் நகல், பிடித்து வைத்த தொகை எவ்வளவு, அது திருப்பித் தரப்பட்டுவிட்டதா, தரப்பட்டிருந்தால் எந்தத் தேதியில். ஒரு நோட்டீஸ்கூட அனுப்பவில்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டி வரும். அந்த "இல்லை" உங்களுக்குப் பெரிய ஆவணம்.

இன்னொன்றையும் விடாதீர்கள், அளவுப் புத்தகம். பொறியியல் பிரிவில் எம்-புக் என்றால்தான் சட்டென்று புரியும். வேலை நடக்க நடக்கப் பொறியாளர் அளந்து நீளம், அகலம், கனம் எல்லாம் எழுதி வைக்கிற புத்தகம் அது, அதில் எழுதியதற்குத்தான் பில் போடுவார்கள். நான் முதன்முதலில் ஒரு அலுவலகத்தில் இந்தப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தை நகலாக வாங்கி வந்து, தெருக்காரர்கள் நான்கு பேரோடு டேப் வைத்து அளந்தேன். புத்தகத்தில் 240 மீட்டர் என்று இருந்தது. எங்கள் தெரு முட்டுச்சந்து, கடைசி வீட்டுச் சுவர் வரைக்கும் போனாலும் 190 மீட்டரைத் தாண்டவில்லை. அதுவரை "ரோடு சரியில்லை" என்று கத்திக்கொண்டிருந்த நாங்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக "50 மீட்டர் எங்கே?" என்று கேட்டோம். மூன்று வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது.

மனுவில் தெருவின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. வார்டு எண், எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை, எந்த நிதியாண்டிலிருந்து எந்த நிதியாண்டு வரை என்று வரையறுத்து எழுதுங்கள். "எங்கள் ஊர்ச் சாலைகள் அனைத்தும் பற்றிய முழு விவரம்" என்று எழுதினால் கோப்புகள் மிக அதிகம் என்று சொல்லித் தப்பிப்பார்கள். ஒரு மனு, ஒரு சாலை, ஐந்தாறு கேள்வி. கோபத்தையும் அறிவுரையையும் அதில் எழுத வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணமும் வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது என்று சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது.

கேள்வி: எங்கள் ஊருக்கு வரும் சாலையைக் கேட்டால் நெடுஞ்சாலைத் துறை ஊராட்சி ஒன்றியத்தைக் காட்டுகிறது, ஒன்றியம் நெடுஞ்சாலைத் துறையைக் காட்டுகிறது. யாருக்கு மனு போடுவது? – வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: இந்தப் பந்தாட்டத்துக்குச் சட்டத்திலேயே மருந்து இருக்கிறது. இரண்டில் எந்த அலுவலகம் பக்கமோ அதற்கே போடுங்கள். தகவல் அவர்களிடம் இல்லையென்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும், 6(3) பிரிவு. "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று மனுவைத் திருப்பித் தர முடியாது.

அதோடு முதல் கேள்வியாக இதைப் போடுங்கள்: "இந்தச் சாலை தங்கள் சாலைப் பதிவேட்டில் உள்ளதா, உள்ளதெனில் அந்தப் பக்கத்தின் நகல், வேறு துறைக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால் ஒப்படைத்த ஆணையின் நகல்." மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையிடம். ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை எல்லாம் ஊரக வளர்ச்சித் துறைப் பக்கம். தேசிய நெடுஞ்சாலை என்றால் கதை வேறு, அது மத்திய அரசின் கீழ் வருவதால் கட்டணம் செலுத்தும் முறையும், மேல்முறையீடு கடைசியாகப் போய்ச் சேரும் ஆணையமும் வேறு. நீங்கள் வார்டு உறுப்பினர் என்பதால் தனியாக ஒன்று சொல்கிறேன், ஊராட்சியின் சொந்தப் பதிவேடுகளைப் பார்க்க ஆர்.டி.ஐ. வரைக்கும் போகத் தேவையில்லை, கூட்டத்திலேயே எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கட்டணம் எவ்வளவு? எப்படிக் கட்டுவது? – இல்லத்தரசி ஒருவர்

பதில்: பத்து ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் வாங்கி மனுவிலேயே ஒட்டிவிடலாம். மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர். இரண்டுக்கும் தனித்தனி இணையதளங்களும் உண்டு, அதில் உங்கள் அலுவலகம் பட்டியலில் இருந்தால் வீட்டிலிருந்தே போடலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது, அதற்கான சான்றின் நகலை இணைத்தால் போதும். தபாலில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கிற தபாலிலேயே அனுப்புங்கள், பின்னால் நாள் கணக்குப் பார்க்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவி. எங்கள் பகுதி ஒப்பந்ததாரர் செல்வாக்கானவர். நான் மனு போட்டது தெரிந்தால் வீட்டுக்கு ஆள் வருமோ என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அம்மாவின் பயத்தை அலட்சியப்படுத்தாதேம்மா. நாட்டில் தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டிருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. புனே அருகே நில மோசடிகளை வெளிக்கொண்டுவந்த சதீஷ் ஷெட்டி 2010ல் கொல்லப்பட்டார். இதை உன்னைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை, தனியாகப் போகாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

தெருவில் பத்துப் பேர் பத்து மனு போட்டால் ஒரு வீட்டைத் தேடி யாரும் வர முடியாது. ஒருவர் டெண்டர் பற்றி, ஒருவர் எம்-புக் பற்றி, ஒருவர் பில் பற்றி என்று பிரித்துக்கொள்ளலாம், செலவும் ஆளுக்குப் பத்து ரூபாயோடு முடிந்தது. அப்புறம், சட்டப்படி உன்னைத் தொடர்பு கொள்ளத் தேவையான விவரத்துக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது. வீட்டு முகவரி தராமல் அஞ்சல் பெட்டி எண் மட்டும் கொடுத்தாலும் ஏற்கலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013ல் சொல்லியிருக்கிறது. வெளியூரில் இருக்கிற உறவினர் ஒருவர் போட்டாலும் சரிதான், இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், அந்தத் தெருக்காரராக இருக்க வேண்டியதில்லை. மிரட்டல் என்று ஒன்று வந்துவிட்டால் அன்றைக்கே எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

கேள்வி: 40 நாள் ஆகிவிட்டது, பதிலே இல்லை. வேறொரு மனுவுக்கு "ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம், தனிநபர் தகவல்" என்று மறுத்துவிட்டார்கள். இனி என்ன வழி? – சிறு வியாபாரி ஒருவர்

பதில்: பதில் வராமலே போனதற்கு: 30 நாள் கெடு தாண்டிவிட்டதால், இனி அவர்கள் தகவல் கொடுத்தால் இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும், நகல் கட்டணம் வாங்கக் கூடாது, 7(6) பிரிவு. கெடு முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அவர், உங்கள் மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு மேலதிகாரியாக இருப்பார், 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் முடிக்க வேண்டும். அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் விசாரணைக்கு வர நாளாகும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் ஆணையம் நினைத்தால் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், அது அவர் சொந்தச் சம்பளத்திலிருந்து போகிற பணம். அதனாலேயே பல மனுக்களுக்கு முதல் மேல்முறையீடு போன கையோடு பதில் வந்துவிடுகிறது. முதல் மனுவோடு நிறுத்திக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், பாதிக் கிணறு தாண்டிவிட்டுத் திரும்புகிறார்களே என்று.

மறுப்புக் கடிதத்துக்கு: மக்கள் வரிப்பணத்தில் போட்ட ரோட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதில் என்ன வணிக ரகசியம்? டெண்டர் முடிந்து, வேலை முடிந்து, பணமும் வாங்கியாயிற்று. தமிழ்நாட்டில் டெண்டர் விஷயத்தில் வெளிப்படைத்தன்மைக்கென்று 1998லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அதையும் மேல்முறையீட்டில் சுட்டிக்காட்டுங்கள். தனிநபர் தகவல் என்ற விலக்கை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முன்பைவிட அகலமாக்கிவிட்டது, இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற மாற்றம். ஆனாலும் பொதுநலன் பெரிது என்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்கிற 8(2) பிரிவு அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, இந்தச் சாலையில் தினமும் யார் யார் போகிறார்கள், பள்ளி இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். மனுவில் காரணம் வேண்டாம் என்று மேலே சொன்னேன், மேல்முறையீட்டில் காரணம் வேண்டும்.

கேள்வி: 400 பக்கம் இருக்கிறது, 800 ரூபாய் கட்டு என்கிறார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன்? – ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்

பதில்: கட்டாதீர்கள். நேரில் வந்து கோப்பைப் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை, 2(ஜே) பிரிவில் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் இலவசம். குறிப்பு எடுக்கலாம், தேவையான பத்துப் பக்கத்துக்கு மட்டும் அடையாளம் வைத்து நகல் கேட்கலாம். விவரம் தெரிந்த ஒருவர், சிவில் படித்த பையனோ ஓய்வு பெற்ற பொறியாளரோ, உடன் வர அனுமதியும் சேர்த்துக் கேளுங்கள். கோப்பைத் திறந்ததும் பில்லைத் தேடாதீர்கள், முதலில் மதிப்பீட்டைப் பாருங்கள், எத்தனை அடுக்கு, எவ்வளவு கனம் என்று போட்டிருக்கிறது, பழைய தாரைச் சுரண்டி எடுப்பதற்கு, அதாவது மில்லிங்குக்கு, தனித் தொகை ஒதுக்கியிருக்கிறதா என்று.

மில்லிங்கை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு வீடெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்ட தெருக்கள் நம் ஊர்களில் நிறைய. சுரண்டிவிட்டுத்தான் மறுசாலை போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். சுரண்டியதாகப் பில் இருந்து, உங்கள் வாசற்படியோ ரோட்டுக்குக் கீழே போயிருந்தால், வேறு சாட்சி தேவையில்லை.

அதே 2(ஜே) பிரிவில் இன்னொரு உரிமையும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வேலையையே பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றளித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டால்தான் இதற்கு முழுப் பலன்.

கேள்வி: என் தம்பி இரவில் பைக்கில் போகும்போது, குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் விழுந்து இறந்துவிட்டான். இதில் ஆர்.டி.ஐ. ஏதாவது உதவுமா? – ஒரு அண்ணன்

பதில்: உங்கள் இழப்புக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உதவும், ஆனால் வழக்கறிஞரைப் பார்ப்பதையும் கூடவே செய்யுங்கள், ஆர்.டி.ஐ. பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியவை: அந்த இடத்தைத் தோண்ட அனுமதி கொடுத்த ஆணை, யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, விளக்கு வைக்க வேண்டும் என்று அதில் விதித்த நிபந்தனைகள். மூடிச் சீரமைக்க வாங்கிய கட்டணம். விபத்துக்கு முன் அந்தப் பள்ளம் பற்றி வந்த புகார்களின் பதிவு. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம், முன்பே தெரிந்தும் மூடாமல் விட்டார்கள் என்று அதுதான் காட்டும். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவின்படி, சாலையின் பராமரிப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகார அமைப்பு, ஒப்பந்ததாரர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இழப்பீடு என்பது இந்த அபராதத்திலிருந்து தனி, அதை வழக்கறிஞரோடு பேசுங்கள். முதல் தகவல் அறிக்கையில் "வாகனத்தை அஜாக்கிரதையாக ஓட்டி" என்று மட்டும் எழுதி முடித்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: காகிதமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊராட்சியில் போடாத ரோட்டுக்குப் பில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது. இதை வைத்து என்ன செய்வது? – இளைஞர் மன்றத்தினர்

பதில்: ஊருக்கு நடுவில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள், தம்பிகளா. இந்தச் சட்டம் பிறந்த கதையே அதுதான். ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994ல் பொது விசாரணை நடத்தத் தொடங்கியபோது, செய்ததாகக் கணக்கெழுதிய வேலைகளின் பில்லையும் கூலிப் பட்டியலையும் ஊர் மக்கள் முன்னால் படித்தார்கள், அவ்வளவுதான் செய்தார்கள். "நான் அந்த வேலைக்கே போகவில்லையே" என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் பிறந்தது நம் சென்னையில். தகவல் உரிமைக்கென்று நாட்டிலேயே முதலில், 1997ல், சட்டம் போட்ட மாநிலமும் தமிழ்நாடுதான், பல குறைகளோடு என்றாலும்.

உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆறில் எது அடுத்து வருகிறதோ அதில் பில்லைப் படித்து, விசாரணை கோரித் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கு ஒரு பிரதி. பணம் கையாடல் என்பது தெளிவாக இருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்கும். ஆட்சியரிடம் கொடுத்த மனு எண்ணைப் பத்திரமாக வைத்து, ஒரு மாதம் கழித்து "இந்த மனு மீது நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை, கோப்புக் குறிப்புகளின் நகல்" என்று அதற்கும் ஒரு ஆர்.டி.ஐ. போடுங்கள்.

கேள்வி: ஐயா, மனு போட்ட பத்தாவது நாளே வந்து ரோடு போட்டுவிட்டார்கள்! மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா? – குடும்பத் தலைவி ஒருவர்

பதில்: வேண்டாம்மா. நல்ல விஷயம், வந்து போட்டவர்களுக்கு நன்றியும் சொல்லுங்கள், ஆனால் மனு இருக்கட்டும், தகவல் வரட்டும். அவசரமாகப் போட்ட ரோடு அது, இப்போது போட்டது பழைய ஒப்பந்தத்தின் கீழா, புதிதாக ஒரு பில் போட்டா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பழைய ஒப்பந்ததாரர் இலவசமாகச் செய்திருக்க வேண்டிய வேலைக்கு மறுபடியும் பணம் கொடுத்திருந்தால், அது உங்கள் பணம். இன்றைய தேதி தெரிகிற மாதிரி ரோட்டைப் படம் எடுத்து வையுங்கள். பழுதுப் பொறுப்புக் காலம் முடிகிற தேதி பதிலில் வரும், அதைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு நாள் தெருவில் நடந்து பாருங்கள். எங்காவது விரிசலோ பள்ளமோ தெரிந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.